உறைமோர்க் கொள்ளை

தூசி அறையின் கதவு முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. சுவரில் பதினொன்று என்ற எண் சிவப்பாக எரிந்தது. மாரிக்கனிக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. கொண்டு வந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்திலிருந்து குடியிருப்பு வரை முப்பது நிமிடம் நிலாத் தரையில் நடந்து, விண்வெளிச் சூட்டுக்குள்ளே, பனியனுக்கும் உள்ளே, வயிற்றோடு ஒட்டி, வேட்டித் துணியில் கட்டிக் கொண்டு வந்துவிட்டாள். இன்னும் பதினோரு நிமிடம். நின்றால் போதும். நிற்பதற்கு என்ன? மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை இந்த அறையில் நின்றுகொண்டுதானே இருக்கிறாள். வெளியே போய்வந்த யாராக இருந்தாலும் இங்கே நின்றாக வேண்டும். முதலில் அறையில் காற்று நிரம்பும். அதுவரை எந்தச் சத்தமும் கேட்காது. காற்று நிறைய நிறையத்தான் சுவரில் இருக்கிற ஊதுகுழாய்களின் இரைச்சல் எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல ஆரம்பித்து, பக்கத்தில் வந்து, தலைமேல் கொட்டும். சூட்டில் ஒட்டியிருக்கிற தூசியை ஊதித் தரைச் சல்லடைக்குள் தள்ளிவிடும். பச்சை விளக்கு எரிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றலாம். வாசல் சோதனைக்காரர் பிலவேந்திரன் உள்ளே வந்து மோந்து பார்ப்பார். அவ்வளவுதான். மோந்து பார்ப்பார் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிலவேந்திரன் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். ரொம்ப வேகமாக ஆட்டிவிட்டோமோ என்று தோன்றியது. சாதாரண நாளில் எப்படி ஆட்டுவாள்? சாதாரணக் கை எப்படி இருக்கும் என்று மறந்தே போயிற்று.

திருடியது பொன்னோ வைரமோ அல்ல. ஒரு சின்ன பாட்டில் உறைமோர். இதைச் சாத்தூரில் போய்ச் சொன்னால் பஸ் ஸ்டாண்டே கூடி நின்று சிரிக்கும். அங்கே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கரண்டி கேட்டால் முடிந்தது. இங்கே நிர்வாகத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத எந்த உயிரும் குடியிருப்புக்குள் இருக்கக் கூடாது. மனிதர்கள் நூற்று நாற்பது பேர் பட்டியலில் உண்டு. கீரை உண்டு. தயிர்க் கிருமி கிடையாது. கேன்டீனில் தயிர் என்று ஒன்று பாக்கெட்டில் வரும். ஆய்வுக்கூடத்தில் உறையவைத்து, பிறகு சூடாக்கி, அதிலிருக்கிற உயிரையெல்லாம் கொன்று அடைத்தது. அதை ஒரு கரண்டி எடுத்துப் பாலில் விட்டால் பால் பாலாகவே கிடக்கும். பக்கத்து அறை ரஹ்மத்து மிளகாய்க் காம்பு போட்டுப் பார்த்தாள். ஊரில் உறை இல்லாத நாளில் அப்படித்தான் தயிராக்குவார்களாம். ஆனால் மிளகாயும் கதிர்வீச்சு காட்டிச் சாகடிக்கப்பட்டுத்தான் மேலே வந்திருக்கிறது. மூன்று நாள் மூடி வைத்துத் திறந்தால், அதே பால், மேலே அதே காம்பு. "மாரி, இந்த ஊர்ல கெட்டுப்போகக்கூட ஒண்ணுக்கும் தெரியலடி" என்றாள் ரஹ்மத்து. அன்றைக்குத்தான் மாரிக்கனிக்கு இந்த எண்ணம் விழுந்தது. தயிர்ச்சோற்றுக்கு நாக்கு ஏங்கியது என்று சொல்ல முடியாது. படுக்கப் போகும்போது ஒன்றை மூடி வைக்க வேண்டும், எழுந்து திறந்தால் அது வேறொன்றாக மாறியிருக்க வேண்டும். தூங்குகிற நேரத்தில் அறையில் இன்னொன்றும் உயிரோடு வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது போதும் அவளுக்கு. எண் பத்தாகியிருந்தது. ஒரு நிமிடம்தானா போயிருக்கிறது?

வயிற்றில் பாட்டில் இருந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு உறைக்கு நல்லது என்று மங்கையர்க்கரசி சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் அவள். கும்பகோணத்துக்காரி. இன்னும் ஆறு நாளில் வேலைக்காலம் முடிந்து கீழே போகிறாள். மாரிக்கனி போனது அவளுடைய கண்ணாடிப் பெட்டியில் பொருத்தியிருக்கிற கையுறைகளைத் தைத்துக் கொடுக்க. சூட்டும் கையுறையும் தைப்பதுதான் மாரிக்கனியின் வேலை. போனதும் போகாததுமாக மங்கை ஜன்னலைக் காட்டிக் கத்தினாள். "ஏண்டி கனி, வர்ற நேரமாடி இது? அங்க பாரு, சூரியன் ஒரு விரக்கடை கூட இல்ல. விளக்கு வச்சதுக்கப்புறம் உறைமோர் கொடுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?" மலை விளிம்பில் சூரியன் பாதிக்கு மேல் புதைந்திருந்தது. நிலாவில் அது ஒருமுறை மறைந்தால் திரும்பி வரப் பதினாலு நாள் ஆகும். "அக்கா, நீங்க கிருமியையே படிச்ச டாக்டரு. பதினாலு நாளும் ராத்திரியாக் கிடக்கிற ஊர்ல வந்து விளக்கு வச்சா கொடுக்கக் கூடாதுங்கிறீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "அதனாலதாண்டி பதினாலு நாளும் பகலா இருக்கறப்போ வா வான்னு கூப்பிட்டேன். பேசாம பாட்டிலை நீட்டு." நீட்டினாள். மங்கை ஊற்றினாள். பாதி போதும் என்றுதான் பேச்சு. "பாதி, அக்கா, பாதி" என்று மாரிக்கனி சொல்லச் சொல்ல, வாய் வரைக்கும் ஊற்றித் தட்டி மூடினாள். "குறையாக் கொடுத்தா கொடுக்கறவளுக்கும் ஆகாது, வாங்கறவளுக்கும் ஆகாது. போ போ, திரும்பிப் பாக்காம போ." ஒரு சொட்டில் பல கோடி கிருமி இருக்கிறது என்று பாடம் நடத்துகிறவள்தான் இவள். ஒரு சொட்டே போதும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் பாத்திரத்தைக் குறையாகக் கொடுக்கக் கை வரவில்லை. அந்தக் கையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதி என்று சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அது என்ன?

எட்டு. காதுக்குள் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. காரணம் காற்று. கொடைக்கானலுக்கு ஏறுகிற பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக்கொள்ளுமே, அந்த விஷயம். மேலே போகப் போக வெளிக்காற்று மெலியும், பாக்கெட்டுக்குள் இருக்கிற காற்று விரியும். சூட்டைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும்போது சூட்டுக்குள் காற்றை மூன்றில் ஒரு பங்காக்கிவிடுவார்கள். அப்போதுதான் கையைக் காலை மடக்க வரும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மூடியை நெம்பும். பாதிப் பாட்டிலாக இருந்தால் மேலே இருக்கிற காற்று புஸ்ஸென்று போய்விடும், மோர் கீழேயே கிடக்கும். வாய் வரைக்கும் இருந்தால்? வாய் வரைக்கும் இருந்தால் காற்றுக்கு முன்னால் மோர்தான் வெளியே வரும். இது மூன்று வாரமாக அவளும் ரஹ்மத்தும் படுக்கையில் உட்கார்ந்து குசுகுசுவென்று போட்ட கணக்கு. மங்கையின் கரண்டி ஒரே நொடியில் அதைக் கலைத்துவிட்டது. இவளும் திறந்து பாதியைக் கொட்டியிருக்கலாம். ஏன் கொட்டவில்லை? உறைமோரை யாராவது கொட்டுவார்களா? கொடுத்தவள் முன்னாலேயே கொட்டுவார்களா? கை வரவில்லை. மங்கைக்குக் குறைக்கக் கை வரவில்லை, இவளுக்குக் கொட்டக் கை வரவில்லை. சரி, மூடி கெட்டி மூடி, ஒன்றும் ஆகியிருக்காது. வயிற்றில் வெதுவெதுப்பு என்று நினைத்ததும் உடம்புச் சூடுதான். தொடைப் பக்கம் ஈரமாக இருப்பது வேர்வை. முப்பது நிமிட நடை, வேர்க்காதா? வேர்வைதான். அந்த வேர்வை நகர்ந்தது. இங்கே எதுவும் சட்டென்று விழாது. ஊரில் ஆறு கிலோ கனக்கிறது இங்கே ஒரு கிலோ. தண்ணீர் கூட யோசித்து யோசித்துத்தான் இறங்கும். ஒரு சொட்டு, கெட்டியான சொட்டு, இடது தொடையில் நத்தை மாதிரி இறங்கி முழங்காலுக்கு மேலே வந்து நின்று, மேற்கொண்டு போகலாமா என்று கேட்பதுபோல நின்று, மறுபடியும் இறங்கியது. வேர்வை இத்தனை கெட்டியாக இருக்காது. ஹெல்மெட்டுக்குள் வாசனை வந்தது. புளித்த வாசனை. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் மூக்குக்கு வந்த உயிருள்ள வாசனை. அட, என்ன வாசனை! பயத்தில் தலைமுடி கூசியது. அதே நேரத்தில் வாயில் எச்சில் ஊறியது.

"என்ன மாரியக்கா, இன்னைக்குப் புழுதியில உருண்டு வந்தீங்களா? எங்க பாத்தாலும் ஒட்டியிருக்கே" என்றது ஸ்பீக்கர். பிலவேந்திரன் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வழியில உக்காந்துட்டேண்ணே." பொய் இல்லை. உட்காரத்தான் செய்தாள், வேண்டுமென்றே. அதுவும் கணக்குதான். நிலாத் தூசிக்குக் கரிமருந்து வாசனை. அறைக்குள் காற்றுப் பட்டதும் வெடித்து முடிந்த பட்டாசுக் குப்பை மாதிரி மணக்கும். முதல் நாள் இந்த அறையில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது, யாரோ பக்கத்தில் சரம் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை வாசனைக்கு முன்னால் வயிற்றில் இருக்கிற ஒரு பாட்டில் மோர் எங்கே தெரியப்போகிறது என்பது திட்டம். ஆனால் ஊதுகுழாய்கள் திட்டத்தைத்தான் ஊதிக்கொண்டிருந்தன. நிமிடத்துக்கு நிமிடம் தூசி குறைகிறது. நிமிடத்துக்கு நிமிடம் மோர் பரவுகிறது. பச்சை எரிகிற நேரத்தில் எது ஜெயித்திருக்கும்? பிலவேந்திரனின் மூக்கு லேசுப்பட்ட மூக்கு அல்ல. ஒரு லாரி டிரைவர் கையுறைக்குள் நாலு நெத்திலிக் கருவாடு வைத்துக் கொண்டுவந்தார். கதவைத் திறந்ததும், "அண்ணாச்சி, இடது கை, சுண்டுவிரல்" என்றாராம் பிலவேந்திரன். பிலவேந்திரன் தூத்துக்குடிக்காரர், கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்கலங்கினாராம். ஆனாலும் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த டிரைவரை அடுத்த கப்பலில் பூமிக்கு இறக்கிவிட்டார்கள். இங்கே வேலையை விட்டு எடுக்கிறதென்ற பேச்சே கிடையாது. இறக்கிவிடுவார்கள்.

இறக்கிவிடுவார்கள். ஐந்து. அந்தச் சொல் வந்ததும் இடது இடுப்பு தன்னை ஞாபகப்படுத்தியது. வலிக்கவில்லை, ஞாபகம் மட்டும். நாற்கர சாலையில் பஸ் கவிழ்ந்து, இடுப்பெலும்பு மூன்றாக உடைந்து, ஒட்டி, கோணலாக ஒட்டி, ஒன்பது வருடம் தடி. தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே பதினாலு அடி. அந்தப் பதினாலு அடியை நடந்தவளுக்குத்தான் தெரியும். சண்டையில்லாமல், கோபமில்லாமல் அவளே தன்னை ஒரு மூட்டை மாதிரி அங்கிருந்து இங்கே வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். இங்கே வந்து கப்பல் கதவு திறந்து முதல் அடி வைத்தபோது இடது கால் தானாக முன்னால் போயிற்று. கேட்காமல் போயிற்று. இரண்டாவது அடியில் குதித்தாள். நாற்பது வயதில், நிர்வாகத்து ஆட்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்க, தவளை மாதிரி குதித்தாள். தடியை ரஹ்மத்து துணி காயப்போடக் கம்பாக வைத்திருக்கிறாள். அதைத் திரும்பக் கையில் வாங்க வேண்டி வருமா? ஒரு கரண்டி மோருக்காகவா? பைத்தியக்காரி. காலை மோருக்கு அடகு வைத்த பைத்தியக்காரி. ஆனால் கால் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடக்க மட்டுமா? இன்றைக்கு மலை விளிம்பில் பாதிச் சூரியன் நீளநீளமாக நிழலை விட்டுக்கொண்டிருக்க, வயிற்றில் பாட்டிலோடு அவள் தாவித் தாவி வந்தாளே, ஒவ்வொரு தாவலுக்கும் நிழல் அவளுக்கு முன்னால் அரை மைல் ஓடியதே, அந்த முப்பது நிமிடத்துக்கு இந்தக் கால் போதாதா? போதாது. இன்னும் வேண்டும். காலும் வேண்டும், மோரும் வேண்டும். நாலு.

முழங்கால். சட்டென்று அது பட்டது, ஊசியில் நூல் ஒரே தடவையில் கோத்துக்கொள்வதுபோல. அறையில் காற்று நிரம்பிவிட்டது, சூட் தளர்ந்துவிட்டது, இப்போது மடக்கினால் மடங்கும். முழங்காலுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் சூட் துணி கொசுவம் மாதிரி மடிந்துகொள்ளும். அந்தக் கொசுவத்துக்குள் ஊதுகுழாய் போகாது. தைக்கிறவளுக்கு இது தெரியும். ஒவ்வொரு சூட்டிலும் அந்த மடிப்பிலிருந்துதான் அவள் கைப்பிடிக் கைப்பிடியாகத் தூசி எடுத்திருக்கிறாள். மாரிக்கனி மெதுவாகக் குந்தினாள். கைகளை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். "என்னக்கா, என்ன செய்யுது?" என்றது ஸ்பீக்கர். "உக்காந்தே வேலைண்ணே இன்னைக்கு. இடுப்பு பிடிச்சிருச்சு." "இங்க வந்தா இடுப்பே இல்லாத மாதிரி இருக்குன்னு சொல்லுவீங்க?" நெஞ்சு ஒரு தையல் தவறியது. "இருக்குன்னு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு." பிலவேந்திரன் சிரித்தார். மூன்று. இரண்டு. குந்திய நிலையில் மோர் கீழே இறங்காமல் நின்றது. வாசனை மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. புளிப்பு, இனிப்பு, பிறகு மறுபடியும் புளிப்பு. மூச்சை அடக்கினால் பயம் அதிகமாயிற்று, இழுத்தால் ஆசை அதிகமாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். பிடிபட்டாலும் இது அவளுடையது. மழை நின்றது. பச்சை.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். கதவு திறந்து பிலவேந்திரன் வந்தார், மீசையை ஒதுக்கி, முகத்தை அரை அடி முன்னால் நீட்டி, கோயில் யானை தும்பிக்கையை நீட்டுகிற மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு. இன்னும் நாலடி. மூன்றடி. அவருடைய புருவம் லேசாக ஏறியது. ஏறிவிட்டது. இப்போது. மாரிக்கனி எழுந்தாள். எழவில்லை, துள்ளினாள். கையும் காலும் ஒரே சமயத்தில் விரிந்தன, நாலு மடிப்பிலிருந்தும் தூசி பொக்கென்று கிளம்பி இருவருக்கும் நடுவே ஒரு சாம்பல் மேகமாக நின்றது. இங்கே எதுவும் சட்டென்று விழாது. பிலவேந்திரன் அதற்குள் முழு மூச்சோடு மூக்கை விட்டார். "ஹ்" என்றார். "ஹ், ஹச்!" ஒன்று, இரண்டு, ஐந்து தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி எழும்பி இறங்கினார். "ஏ சேசுவே! தீபாவளிய மடியில கட்டிட்டு வந்தீங்களாக்கா?" "மன்னிச்சுக்கோங்கண்ணே, இடுப்பு சுண்டி இழுத்துருச்சு." கண்ணும் மூக்கும் ஒழுக, துடைத்துக்கொண்டே தட்டைக் காட்டினார். கடினமான பொருள் எது இருந்தாலும் தட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. அவள் சூட்டைக் கழற்றினாள். பனியனுக்குக் கீழே பாட்டில் புடைத்துக்கொண்டு நின்றது. ஒளிக்க முடியாது. அதற்கும் பதில் வைத்திருந்தாள். "வயித்து மருந்துண்ணே." உருவித் தட்டில் வைத்தாள். பிலவேந்திரன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூடி ஒரு பக்கம் பிளந்து தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. சுவரில் வெள்ளையாக ஒரு மெழுகல், அவ்வளவுதான். அவள் அதைப் பார்த்தாள். வாய் வரைக்கும் இருந்த பாட்டில் காலி.

"வயித்துக்கு என்ன?" "கேன்டீன் தயிர் ஒத்துக்கலண்ணே." "அது தயிரா, பிரேதம்லா" என்றார் பிலவேந்திரன், மூக்கடைத்த குரலில். மூக்கைப் பாட்டில் வாயில் வைத்து இழுத்தார். அவள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தார், மறுபடி இழுத்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஒரு எழவும் தெரியல. கரிமருந்துதான் அடிக்கு. சீட்டு இல்லாம மருந்து கொண்டு வரக் கூடாது, தெரியும்லா? பாட்டில் இங்க இருக்கட்டும்." கொதிநீர்ப் பெட்டியைத் திறந்து உள்ளே போட்டார். தட்டென்று மூடினார். போயிற்று. கடைசி மெழுகலும் போயிற்று. மூன்று வாரக் கணக்கு, மங்கையின் கரண்டி, பாதிச் சூரியன், தவளைத் தாவல். கால் தப்பித்தது, மோர் தப்பவில்லை. விளக்கு வைத்தாகிவிட்டது. பதினாலு நாள் கழித்துச் சூரியன் வரும்போது மங்கை இருக்க மாட்டாள். வாசல் வரை வந்து வெறுங்கையோடு, ரஹ்மத்திடம் என்ன சொல்வது? "அது என்ன, இடுப்பில கட்டு?" மாரிக்கனி குனிந்து பார்த்தாள். கை தானாக அங்கே போயிற்று. வேட்டித் துணி. எட்டு முழ வேட்டியில் கிழித்து, ஊசி துடைக்க ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தித் துணி. நிர்வாகம் கொடுத்த பனியன் பிளாஸ்டிக் நூல், ஒரு சொட்டு குடிக்காது. சூட்டுக்கு உள்துணி அதே ரகம். தொடை வழியாக இறங்கியது நாலைந்து சொட்டு. மிச்சம் எங்கே போயிருக்கும்? துணி கனத்தது. ஈரம் சொட்டுகிற குழந்தைத் துணி மாதிரி, வெள்ளைக்கு மேலே வெள்ளையாக, கனத்தது. விரலால் அழுத்தினாள். வெதுவெதுப்பாக, கெட்டியாக விரலிடுக்கில் பிதுங்கியது.

"ஒத்தடம்ணே" என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும், வலியில் நடுங்குகிறது. "ஈரத்துணி ஒத்தடம். உடைஞ்ச எலும்பு." பிலவேந்திரன் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். "ஹ்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பிடித்து ஒரு பெரிய தும்மல் போட்டார். கையாலேயே போ போ என்று காட்டினார். "போங்கக்கா, போய்ப் படுங்க. அவிழ்த்துராதீங்க, இறுக்கிக் கட்டுனாத்தான் ஒத்தடம் பிடிக்கும்." மாரிக்கனி நொண்டினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு, ஒவ்வொரு அடியையும் ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தி, கதவு வரை அழகாக நொண்டினாள். கதவு மூடிக்கொண்டது. நடைவழியில் ரஹ்மத்து காலிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "வந்துச்சா? பாட்டில் எங்கடி?" "பாட்டில் போயிருச்சு." ரஹ்மத்தின் முகம் அப்படியே இறங்கியது. மாரிக்கனி இடது காலை ஊன்றி ஒரே தாவலில் அவளுக்கு அந்தப்பக்கம் போய் நின்றாள்.

"சீக்கிரம் பாலைச் சுட வை. விரல் பொறுக்கிற சூடு போதும். அதுல ஒரு துணி அலசணும்."